ஜவ்வாது மலையில் நாங்கள் தேடிய சூடு

மின்சாரம் எடுக்கும் அளவுக்குப் பூமிக்கடியில் சூடு இருக்கிறதா என்று பார்க்க, அடுத்த மாதம் உங்களில் நான்கு பேர் ஜவ்வாது மலைக்குப் போகிறீர்கள் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். போவதற்கு முன்னால் பழைய ஆள் ஒருத்தி நாலு வார்த்தை எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டார்கள். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் கழியில் கட்டி இரண்டு பேராகச் சுமந்த பெட்டி இன்று உங்கள் முதுகுப்பையில் அடங்கிவிடுகிறது. நாங்கள் ஒரு ராத்திரி முழுக்கப் போட்ட கணக்கை உங்கள் மடிக்கணினி டீ ஆறுவதற்குள் போட்டுவிடுகிறது. அதனால் அந்த மலையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அதனால் இழந்த ஒருத்தியைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

அவள் பெயர் சுகுணா. நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் போளூர்க்காரி, அவள் ஆலங்காயம். மலைக்குக் கிழக்கே ஒருத்தி, மேற்கே ஒருத்தி. "எங்க ஊர்ல சூரியன் மலைக்குப் பின்னாலேர்ந்து வருது. உங்க ஊர்ல மலைக்குப் பின்னால போவுது. அப்ப மலை யாருதுன்னு நீயே சொல்லு" என்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஆரம்பித்த அந்தச் சண்டையை நாங்கள் கடைசிவரை தீர்த்துக்கொள்ளவில்லை.

அவள் ஈர்ப்புமானிக்காரி. ஓர் இடத்தில் பூமி எவ்வளவு இழுக்கிறது என்று நுட்பமாக அளந்து, கீழே இருக்கும் பாறை கனமா லேசா என்று சொல்வாள். நான் மின்காந்த முறைக்காரி. மண்ணுக்குள் இயல்பாக ஓடும் மெல்லிய மின்னோட்டங்களை அளந்து, ஆழத்தில் எங்கே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது, எங்கே பாயவில்லை என்று சொல்வேன். பூமிக்கடியில் சூடான நீர் தேங்கியிருந்தால் அங்கே மின்சாரம் எளிதாகப் பாயும். அந்த நீர் பாறையின் வெடிப்புகளில்தான் நிற்க முடியும் என்பதால் அந்த இடத்தின் கனமும் குறைந்திருக்கும். ஆகவே நான் காட்டும் இடத்தையே அவளும் காட்டினால் நம்பிக்கையோடு துளை போடலாம். காட்டாவிட்டால் போடக் கூடாது. இது எங்கள் இரண்டு பேருக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே தெரியும்.

ஜவ்வாது மலைக்கு நாங்கள் போனதற்குக் காரணம் ஓர் ஆழ்துளைக் கிணறு. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அங்கே குப்பம்மா என்ற பெண்ணின் நிலத்தில் அந்தக் கிணறு இருந்தது. கணவர் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். அந்த அம்மாள்தான் சாமை விதைத்து, நான்கு புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தை நடத்திவந்தாள். அவள் கிணற்றில் வெந்நீர் வருகிறது என்ற செய்தி எப்படியோ எங்கள் அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது.

மார்கழி மாதக் காலை. குப்பம்மா மோட்டாரைப் போட்டாள். குழாயில் வந்த தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது.

"தொட்டுப் பாரும்மா. நான் குளிக்க வெந்நி வெக்கறதே இல்ல. இதுவே சூடா கீது" என்றாள்.

தொட்டேன். கதகதப்பாக இருந்தது. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போயிற்று. கடினப்பாறை மலை, எரிமலை இல்லாத தேசம், அதன் நடுவில் ஒரு சூடு! சுகுணாவும் தொட்டாள். வெப்பமானியை விட்டுப் பார்த்து நோட்டில் குறித்தாள். "மத்தியானம் திரும்ப வரலாம் வாடி" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் வெயிலில் நடந்து வந்து அதே குழாயில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. வெப்பமானியில் காலையில் இருந்த அதே எண்.

"தண்ணி மாறல. உன் கைதான் மாறிடுச்சு" என்று சிரித்தாள் சுகுணா.

குப்பம்மாவும் சிரித்தாள். "ஆமாம்மா, மத்தியானத்துல குடிக்கச் சில்லுனுதான் இருக்கும். நீங்க கேக்கலயே!"

ஆனாலும் அந்த எண் பக்கத்துக் கிணறுகளைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாக இருந்தது. கிணறு ஆழமானது, அதனாலேயே இருக்கலாம் என்றாள் சுகுணா. வேறு காரணமும் இருக்கலாம் என்றேன் நான். "இருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டாள். அப்படித்தான் அந்த மலையில் எங்கள் வேலை ஆரம்பமாயிற்று.

மாசி முதல் வைகாசி வரை அங்கே இருந்தோம். என் வேலையில் எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறேன். திரும்பக் கிடைக்குமா என்று ஏங்குவது அந்த நான்கு மாதங்களுக்குத்தான். சுகுணா ஈர்ப்புமானியை ஜீப்பில் தரையில் வைக்க விடமாட்டாள். மடியில் வைத்து, போர்வையைச் சுற்றி, பள்ளம் வரும்போதெல்லாம் தன் உடம்பால் ஆட்டத்தை வாங்கிக்கொள்வாள். ஜீப் போகாத இடத்தில் நடை. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று தடவை அளப்பாள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தாலும் மூன்றாவது உண்டு. சுற்றிலும் இருக்கும் மேடுபள்ளங்களும் ஈர்ப்பைக் கொஞ்சம் மாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நடந்து உயரங்களை எடுத்தாள். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பதினொரு நாள் அவள் பின்னால் நடந்தவள் நான்.

என் வேலைக்கு வேறு தொந்தரவு. பக்கத்தில் மோட்டார் ஓடினாலோ, காட்டுப்பன்றிக்காக வேலியில் மின்சாரம் விட்டிருந்தாலோ என் கருவியில் அதுதான் கேட்கும். நான் போய் நிறுத்தச் சொன்னால் ஊர்க்காரர்கள் தலையாட்டுவார்கள், நிறுத்தமாட்டார்கள். சுகுணா போவாள். அவர்கள் கொடுத்த சாமைச் சோற்றைச் சாப்பிடுவாள். "பூமி பேசறத கேக்கப் போறோம். நீங்க மோட்டார போட்டா சத்தத்துல எங்களுக்குக் காது கேக்காதுங்க" என்பாள். ஒருநாள் முழுக்க மோட்டார் ஓடாது. மறுநாள் அவர்களே வந்து, "இன்னாம்மா சொல்லிச்சி பூமி?" என்று விசாரிப்பார்கள்.

எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது "இல்லடி" தான். மழை வரும்போலிருக்கிறது என்றால் இல்லடி. இந்தப் புடவை நன்றாயிருக்கிறது என்றால் இல்லடி. அதற்குப் பிறகுதான் யோசிப்பாள், சில சமயம் ஆமாம் என்பாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அதை எரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

வைகாசியில் என் கணக்கு முடிந்தது. திரையில் படம் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். குப்பம்மாவின் நிலத்துக்கு நேர் கீழே, நானூறு மீட்டரில் தொடங்கிக் கீழே இறங்குகிற ஒரு சிவப்புத் திட்டு. மின்சாரம் தாராளமாகப் பாயும் இடம் என்று அர்த்தம். சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்தாள்.

"இல்லடி. உன் செவப்பு இருக்கற எடத்துல என் கோடு தட்டையா போவுது பாரு. வெடிப்பும் தண்ணியும் இருந்தா கொஞ்சமாவது எறங்கணுமில்ல?"

"சுத்தி மலை இருக்குது. அந்த மேடுபள்ளத்துல உன் அளவு மறைஞ்சிருக்கும்."

"மேடுபள்ளத்த கழிச்சிட்டுதான போட்டிருக்கேன். நீதான கோல் புடிச்சிக்கினு கூட வந்த?"

அவளே தொடர்ந்தாள். "உன் செவப்பு பொய்யின்னு சொல்லலடி. ஆனா மின்சாரம் பாயறதெல்லாம் தண்ணியா? கிராஃபைட்டா இருந்தா இன்னா பண்ணுவ? அதுலயும்தான் பாயும்."

கிராஃபைட் என்றால் நம் பென்சிலுக்குள் இருக்கும் கரி. பாறைக்குள் அது பட்டையாகப் படிந்திருந்தால் என் கருவிக்குச் சூடான நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதைப் பிடிக்க எளிய வழி இருந்தது. பூமிக்குள் புதைந்த கிராஃபைட் ஒரு மின்கலம்போலத் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கும். மேலே தாமிர உப்புக் கரைசல் நிரப்பிய இரண்டு மண்குடுவைகளை நட்டு, நடுவே கம்பியை இழுத்து அளந்தால் தெரிந்துவிடும். "ரெண்டு நாள் குடு எனக்கு" என்றாள் சுகுணா.

அந்த இரண்டு நாளை நான் கொடுக்கவில்லை. காரணம் இருந்தது, எப்போதும் ஒரு காரணம் இருக்கும். துளையிடும் வண்டி அடிவாரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் அந்தக் கனத்தோடு மலைப்பாதையில் ஏற முடியாது. வேறொரு வேலைக்கு அதைக் கேட்டுத் தினமும் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். தலைக்கு மேல் வேலை. "இந்த வாரம் வண்டி ஏறலன்னா இந்த வருஷம் இல்லம்மா. வெள்ளிக்கிழமை கூட்டம். இடத்தைச் சொல்லிடுங்க" என்றார்.

இரண்டு பேரின் அளவுகளையும் சேர்த்து ஒரே படமாக்கும் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. அதில் எந்த முறைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கும் இன்று அப்படித்தான். முதலில் இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்துப் போட்டேன். என் சிவப்புத் திட்டு சுருங்கி, இரண்டாக உடைந்து, எங்கேயும் துளை போட முடியாத மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுகுணாவின் அளவுகளுக்கான மதிப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத் திரும்பப் போட்டேன். திட்டு மறுபடி ஒன்றுசேர்ந்து, விளிம்பு தெளிந்து, பாடப்புத்தகத்தில் போடலாம் என்கிற மாதிரி வந்தது. அந்தப் படத்தைத்தான் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

தலைவர் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் இதுல சம்மதமா?" என்று கேட்டார்.

சுகுணா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "மலைப்பகுதி இல்லையா சார், மேடுபள்ளத்தால ஈர்ப்பு அளவு அவ்வளவு சுத்தமா இல்ல."

பதினொரு நாள் அளவுகோல் பிடித்தவள் சொன்ன வார்த்தை அது. சுகுணா ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். ஏதோ காதில் தப்பாக விழுந்துவிட்டது, திரும்பச் சொல்வேன் என்று காத்திருப்பவள்போலப் பார்த்தாள். நான் படத்தைச் சுருட்டினேன்.

"சரிங்க சார். என் கருத்தை ஒரு தனிப்பக்கமா எழுதித் தர்றேன். அறிக்கையில சேத்துடுங்க" என்றாள்.

எழுதியும் தந்தாள். அறிக்கையைத் தொகுத்தவள் நான். அந்தப் பக்கம் என் மேஜை இழுப்பறைக்குள் போனது.

குப்பம்மாவின் நிலத்துக்குப் போகும் மண்பாதை ஓர் இடத்தில் வளைகிறது. அந்த வளைவில் அவளுடைய நான்கு புளியமரங்களில் பெரியது நின்றது. அதை வெட்டினால்தான் வண்டி திரும்ப முடியும். வெட்ட அனுமதி கேட்க நானே போனேன். சுகுணா அன்று காவலூர்ப் பக்கம் அளவெடுக்கப் போயிருந்தாள்.

குப்பம்மா மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க மாமனார் வெச்ச மரம்மா. நெசமாலுமே வெந்நி வருமா?"

"வரும்மா. கரண்டே எடுக்கலாம். உங்க ஊருக்கே பேர் வரும்."

"படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மிச்சம் மூணு இருக்குதில்ல, வெட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெட்டும்போது வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் சுகுணா திரும்பி வந்தாள். பாதை வெட்டவெளியாகக் கிடப்பதைப் பார்த்தாள். "அந்த அம்மாகிட்ட வெந்நி வரலாம்னு சொன்னியா, வரும்னு சொன்னியா?" என்று கேட்டாள்.

"வரும்னு."



நானூற்றுப் பத்து மீட்டரில் துளைக்காரர் என்னைக் கூப்பிட்டார். துளைக்குள்ளிருந்து உருவிய பாறைத் தண்டைப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். ஈரத்தில் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன், விரல்களெல்லாம் கறுத்துப்போயின. வழவழவென்றிருந்தது. ஆனாலும் இன்னும் தொண்ணூறு மீட்டர் போகச் சொன்னேன். அத்தனையும் அதே கறுப்பு. துளையிட்ட சூடு அடங்கட்டும் என்று சில நாள் விட்டு, உள்ளே வெப்பமானியை இறக்கிப் பார்த்தோம். அந்த ஆழத்தில் எந்தப் பாறையிலும் இருக்கும் சாதாரணச் சூடுதான் இருந்தது. தண்ணீர் பேருக்குக்கூட இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று சுகுணா சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்தக் கறுப்புக் கல்லில் ஒரு துண்டை எடுத்துத் தன் நோட்டில் பென்சில்போலக் கோடு இழுத்துப் பார்த்து, துளைக்காரரிடம் காட்டினாள். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னாள். "குப்பம்மாகிட்ட போய் சொல்லணும்டி. நீதான் சொல்லணும். வேணும்னா நான் கூட வர்றேன்."

"நாளைக்குப் போவலாம்" என்றேன்.

மறுநாள் காலை, காய்ச்சல் என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, ஜீப்பில் போளூருக்கு இறங்கிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மா வீட்டில் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன், கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சல் என்றேன். நான் உங்களுக்கு இதை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். தப்பான இடத்தில் துளை போடாத ஆள் நம் தொழிலில் கிடையாது. பூமியின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யார்? தப்பு நடந்த பிறகு யார் வீட்டு வாசலுக்குப் போக வேண்டுமோ அங்கே போகாமல் ஜீப்பில் ஏறியதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

சுகுணா போய்ச் சொன்னாள். அதோடு நிற்காமல், நான் தராத அந்த இரண்டு நாளை அவளே எடுத்துக்கொண்டு, குடுவையும் கம்பியுமாக அளந்தாள். கிராஃபைட் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாகக் கிடைத்தது. அது முடியும் மேற்குப் பக்கத்தில், காவலூரை நோக்கிப் போகும் ஓடையோரத்தில், அவளுடைய ஈர்ப்புக் கோடு இலேசாக இறங்கியிருந்தது. வரைபடத்தில் அங்கே ஒரு வட்டம் போட்டு, 'இங்கே பார்க்கலாம்' என்று எழுதி, முன்பு கொடுத்த தனிப்பக்கத்தோடு வைக்கச் சொல்லி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் இழுப்பறையைத் திறந்து இதையும் அதன்மேல் வைத்து மூடினேன்.

ஆவணியில் அவள் மாறுதல் கேட்டாள். நிலத்தடி நீர் வேலைக்கு, அடிவார ஊர்களில் குடிநீருக்கு இடம் பார்க்கும் வேலைக்குப் போனாள். எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்கள், நானும் குலுக்கினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை நன்றாகவே போயிற்று. பதவி உயர்ந்தது. என் எதிரில் உட்கார்ந்தவர்களெல்லாம் என் படங்களைப் பார்த்து "நல்லா வந்திருக்கு மேடம்" என்றார்கள். ஒவ்வொரு படத்தையும் முடித்த கையோடு ஒரு நொடி காத்திருப்பேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்குப் புரியவே வருஷக்கணக்கானது. "இல்லடி" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான். மழை வரும்போலிருக்கிறது என்று யாரிடமாவது சொல்வேன், அவர்களும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஆமாமைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

குழுத் தலைவி ஆனபோது ஒரு விதி போட்டேன். எல்லா அளவுகளையும் சேர்த்துப் படம் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறைக்காரரும் மற்றவருடையதைப் பார்க்காமல் தன் முடிவைத் தனிப்பக்கமாக எழுதி உறையில் போட்டுவிட வேண்டும். நீங்களும் அதைச் செய்கிறீர்கள். என் யோசனை என்று அதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள் பழைய அறிக்கையை எடுத்து, சுகுணாவின் பக்கங்களைச் சேர்த்தேன். அவளுடைய அளவுகளுக்குப் பத்தில் ஒரு மதிப்புப் போட்டது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதைப் படித்துப் பார்த்துத்தான் உங்களை இப்போது அனுப்புகிறார்கள். உங்கள் திட்டத்தில் மேற்கே ஓடையோரம் ஒரு வட்டம் போட்டிருக்கிறதே, அது அவள் போட்ட வட்டம்.

போன பங்குனியில் அந்தப் பக்கங்களின் நகலோடு அவளைப் பார்க்கப் போனேன். வாணியம்பாடியில் பஸ் மாறி ஆலங்காயத்தில் இறங்கினேன். அவள் கணவர் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாடி" என்றாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. நகலைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பேனாவைத் தேடி எடுத்து, ஓர் எண்ணுக்கு முன்னால் சின்னக் கோடு போட்டாள்.

"இங்க ஒரு மைனஸ் விட்டுட்டேன். யாருமே பாக்கலியா?"

"சுகுணா, அன்னிக்குக் கூட்டத்துல..."

"தெரியும்டி. நீ பத்துல ஒண்ணு போட்டதும் தெரியும். கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே நானும் கணக்க போட்டுப் பாத்தேன். பத்துல ஒண்ணு போட்டாதான் உன் படம் வருது."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"எவ்ளோ நாள் இருந்த?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "மாறுதல் கடுதாசி குடுக்கற வரிக்கும்."

காபி போட்டுக் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே குடித்தேன். அவள் அழவில்லை. அலுவலகத்திலிருந்து மறுபடி மலைக்குப் பிள்ளைகளை அனுப்பப் போகிறார்களாம், அவர்களோடு ஒரு தடவை வாயேன், இரண்டு பேருமாகப் போகலாம் என்று கெஞ்சினேன். "இல்லடி" என்றாள். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன்! யோசித்துவிட்டு ஆமாம் என்பாள் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை சொல்லவில்லை.

"குப்பம்மாவப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை. ஒருதடவைகூட இல்லை.

"நான் வருஷா வருஷம் போய்ட்டு வர்றேன். பதினொண்ணரைக்கு மலைக்குப் போற பஸ் இருக்குது. போ. நான் கூட வர்ல, நீ தனியா போ."

போனேன். குப்பம்மா வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வயதாகியிருந்தது, ஆனால் கை அதே வேகம். என் பெயரைச் சொன்னேன். என்ன பதவியில் இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "அந்தப் புளியமரத்த வெட்டச் சொன்னது நான்தாம்மா. வெந்நி வரும்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான். எனக்கே நிச்சயமா தெரியாது. தெரியாமயே சொன்னேன். வந்து சொல்லவும் இல்ல."

அவள் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது போனதுலேர்ந்து அந்த மூலையில நெழலு இல்ல. சாமை நல்லா வெளையுது" என்றாள். இன்னொரு புளியை எடுத்து உடைத்துவிட்டு, "ஆனா அந்த மரத்துப் புளி இந்த மூணுலயும் இல்லம்மா" என்றாள்.

மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த பலகையை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்து நானும் புளி உடைத்தேன். சரியாக உடைக்க வரவில்லை. அவள் திருத்தவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்து நின்று, "யாருக்கா இவங்க?" என்று கேட்டாள்.

குப்பம்மா என் பெயரைச் சொல்லவில்லை. மறந்திருப்பாள். கையிலிருந்த புளியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இவங்களா? நம்ம சுகுணா மேடம் இருக்காங்க இல்ல, அவங்ககூட அப்ப வந்தவங்க."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியாங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று குடத்தைச் சாய்த்தாள்.

இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கிக் குடித்தேன்.